ஒன்பதாம் கேள்வி

அந்த நாற்காலியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா. அரைமணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதுகெலும்பு ஆராய்ச்சிப் பிரிவிலேயே மோசமான நாற்காலி அதுதான். வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பட்டும் என்றே அதை வைத்திருக்கிறோம். மூன்று பேரும் ஜன்னல் பக்கம் வாருங்கள். விசாரிக்க வந்தவர்கள் என்றால் கூனிக்கொண்டுதான் உட்கார வேண்டுமா என்ன?

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பதினாறு வருஷமாகக் கேள்வி கேட்பவள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைப் போனில் கூப்பிட்டு, படிவத்திலுள்ள பன்னிரண்டு கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதுவது என் வேலை. வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? குனிந்து செருப்பு மாட்ட முடிகிறதா? கால்மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடிகிறதா? கேள்வி எளிதுதான், ஆட்கள்தான் எளிதில்லை. ஒரு லாரி ஓட்டுநர் வலி பதினாலு என்றார். பத்துக்கு மேல் கிடையாது என்றேன். மிச்சம் நாலை அடுத்த மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு தலைமையாசிரியை பதில் சொல்வதை விட்டுவிட்டு என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அதனால் முதலில் சிரிக்க வைத்துவிடுவேன். சிரித்த வாயில் ஏழு என்று வராது, நாலு என்றுதான் வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நோயாளிகள் என்னைச் சிரிப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டர் வலியின் கோட்டைத் திரையில் காட்டுவார். அது மாடிப்படி இறங்குவதுபோல இறங்கியிருக்கும். இவங்க கேட்டாலே பாதி வலி போயிடுது என்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக என் சமையலைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனதோடு சரி. எனக்கு அந்தக் கைதட்டல் எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆராய்ச்சி ஓர் உலோக வட்டைப் பற்றியது. முள்ளெலும்புகளுக்கு நடுவே தேய்ந்துபோன மெத்தையை எடுத்துவிட்டு அதை வைப்பார்கள். பெரிய டாக்டர் பத்து வருஷம் தூங்காமல் செய்தது. படிவத்தில் ஒன்பதாம் கேள்வி மட்டும் கேட்கவே கூச்சமானது: உட்காரும் இடம் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவது தெரியாமல் இருக்கிறதா? ஆம் என்றால் வட்டு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்று பொருள். உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அன்றே திறந்து எடுத்துவிட்டால் கால் தப்பிக்க வழியுண்டு. மூன்று 'ஆம்' சேர்ந்தால் ஆராய்ச்சியே நின்றுவிடும் என்பது விதி.

இரண்டு சேர்ந்திருந்தன. தங்கை மகள் பிரசவத்துக்காக நான் ஒரு வாரம் லீவில் போனபோது, என் இடத்தில் உட்கார்ந்த பெண் எழுதியவை. பாவம், அவளுக்குப் பேச்சுக் கொடுக்கத் தெரியாது. கேட்டதை அப்படியே எழுதிவிட்டாள். அந்த இரண்டு பேரையும் அன்றே திறந்து சரிசெய்தார்கள். இப்போது நடக்கிறார்கள், நல்ல விஷயம்தான்.

அப்புறம்தான் தையல்காரி. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, காலால் மிதிக்கிற தையல் மிஷினை நம்பிப் பிழைப்பவள். திரும்ப மிஷினில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. ஆபரேஷன் ஆன எட்டாம் நாள் கூப்பிட்டேன். இங்கே போன் பேச்செல்லாம் பதிவாகும். நேற்று நீங்கள் போட்டபோது நானும் கேட்டேனே. என் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது, கவனித்தீர்களா?

"அக்கா, உட்கார்ற எடமே எனக்கில்லாத மாதிரி இருக்கு. பாத்ரூம் வர்றதும் தெரியல."

"இத்தன வருஷம் மிஷின்ல உட்கார்ந்து தேச்ச எடம்மா அது. கோவிச்சுக்கிட்டு லீவு போட்டிருக்கும்."

சிரித்தாள். சிரித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"டாக்டர்கிட்ட சொல்லணுமாக்கா?"

"நான் சொல்லிக்கறேன்டா. நீ நிம்மதியா படு."

'இல்லை' என்று எழுதினேன். நாற்பது பேர் இந்த ஆபரேஷனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்காக நாற்பது பேரைத் திருப்பி அனுப்புவதா? பெரிய டாக்டர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார், வராந்தாவில் பாடிக்கொண்டே போனார். அவரை நிறுத்தி இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் போனுக்கு நான்காம் நாள் அவளை அவள் அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குள் இரண்டு காலும் போய்விட்டிருந்தன.

இந்த ஒருமுறைதானா என்று கேட்டீர்கள். உங்களிடம் மறைப்பானேன்? என் லீவுக்கு முன்னால் ஐந்து பேர், பின்னால் அவளையும் சேர்த்து ஆறு. பதினோரு பேர் ஒன்பதாம் கேள்விக்கு 'ஆம்' என்றார்கள், பதினொன்றையும் 'இல்லை' என்று எழுதியவள் நான்தான். ஆறு பேருக்கு மரமரப்பு தானாகவே விட்டது. விடாத மற்ற நால்வரும் தூரத்து ஊர்க்காரர்கள், அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். அடுத்த மாதம் அவர்களைக் கூப்பிட்டதும் நான்தான். நடக்க முடிகிறதா என்ற கேள்வியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டேன். அப்போதும் சிரிக்க வைத்தேன். ஒருவர்கூட என்னைக் கடிந்து பேசவில்லை.

தையல்காரியை வாராவாரம் போய்ப் பார்க்கிறேன். தலை வாரிவிடுவேன், அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள், அன்றைக்கே டாக்டரிடம் சொன்னீர்கள்தானே அக்கா என்று. போனை வைத்த கையோடு ஓடிப்போய்ச் சொன்னேன், டாக்டர்களால்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பேன். தன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவள் முகம் தெளிந்துவிடும்.

எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அந்தப் பதிவை மட்டும் அவளுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள். இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறாள். அதைக் கெடுக்க உங்களுக்கு எப்படி மனசு வரும்?