மாலை போட்ட படம்

விசாரிக்கப் போகும் வீடுகளில் நான் காப்பி குடிப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு டம்ளர் உள்ளே போனால் பேனா வளைந்து கொடுக்கும். இங்கே நீங்கள் கொடுத்ததைக் குடித்துவிட்டேன். இனி நான் யாருக்கும் சிபாரிசு எழுதப் போவதில்லை.

பிரான்சில் இருக்கும் ஒரு குடும்பம், தகப்பனை இழந்த பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. புதுச்சேரியில் வீடு வீடாகப் போய், சொன்னது நிஜமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் பார்க்காத நாடகம் இல்லை. ஃப்ரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிவிட்டு, அது நின்ற தடத்தின்மேல் பாயை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஏழ்மையைக்கூட ஒழுங்காக நடிக்கத் தெரியாத ஜனங்கள்.

சேதராப்பட்டில் கன்னியம்மாள் வீடும் அப்படித்தான். மகள் சிந்துஜா நர்சிங் படிக்கிறாள். கன்னியம்மாள் பொட்டை அழித்திருந்தாள், மெட்டியைக் கழற்ற மறந்திருந்தாள். சுவரில் புருஷன் ராஜவேலின் படத்துக்குப் புது மாலை. அந்த ராஜவேல் கொல்லைப்புறக் கீற்று மறைப்புக்குள் இருமிக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் சோற்றையாவது கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டாமா?

"அப்பா எப்பம்மா தவறுனாரு?" என்று பெண்ணைக் கேட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"போன தையில சார், நெஞ்சு வலி," என்று தாய் முந்திக்கொண்டாள்.

அங்கேதான் சிக்கல். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நான் போன வீடுகளிலேயே பொய் சொல்லாத பிள்ளை அவள் ஒருத்திதான். மறுத்தால் அவள் படிப்பு நின்றுவிடும். ஒப்புக்கொண்டால் என் கையெழுத்து பொய்யாகிவிடும்.

தெருமுனையில் ராஜவேல் பின்னாலேயே ஓடிவந்து கும்பிட்டான். "நான் செத்துட்டேன்னே எழுதிக்குங்க சார். எம் பொண்ணு படிச்சாப் போதும்."

எழுதிக்கொள்ள வேண்டுமாம். சாவதைக்கூட அடுத்தவன் பேனாவில் முடித்துக்கொள்ளப் பார்க்கிற சோம்பேறி.

பெண் விஷயமாகப் பேச வேண்டும் என்று அவனைக் கனகசெட்டிக்குளம் கடற்கரைக்கு வரச் சொன்னேன். சலவைச் சட்டையில் வந்தான். நான் வாங்கிப்போன பிராந்தியைக் குடித்தான். கடலுக்குள் நீளும் கருங்கல் கரையில் நுனிவரை நடந்தோம். வயல்காட்டு ஆள், நீச்சல் தெரியாது என்று அவனே சொன்னான். தோளில் கை வைத்தேன். தள்ளினேன் என்று நீங்கள் எழுதலாம், அது சரிதான். விழுந்த பிறகு "சார்" என்று ஒருமுறை கூப்பிட்டான். அப்போதும் மரியாதை குறையவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கருமாதி முடிந்ததும் மறுபடி விசாரணைக்குப் போனேன். இந்த முறை மெட்டி இல்லை. அதே படம், அதே ஆணி. விண்ணப்பத்தில் இறந்த தேதியை மட்டும் அடித்துத் திருத்தி, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போதுதான் சிந்துஜா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அந்தப் பணம் எனக்கு வேணாம் சார். அன்னிக்கி எங்கப்பாவ யாரு கூப்டாங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு."

நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். உயிரோடு இருந்தவனுக்குப் பணத்துக்காக மாலை போட்ட குடும்பம், அவன் செத்த பிறகு பணம் வேண்டாம் என்கிறது. இவர்களுக்கு நல்லது செய்யவே கூடாது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.