நாட்டு நாய் என்று எழுதிய சீட்டு

ஹலோ... ஹலோ... ஏட்டி எக்ஸ்சேஞ்சுப் பிள்ளா, மூணு தடவை கேட்டாச்சு. நாகர்கோவில் மாட்டாஸ்பத்திரி... பெரியாஸ்பத்திரி இல்லே, மாட்டாஸ்பத்திரி... எனக்கு ஒண்ணும் இல்லே. நீ லைனைக் குடு, கதை கேக்காதே.

ஹலோ... ஆமா, ஆமா... யாரு, டாக்டர் ரசலையனா? நான் இராஜாக்கமங்கலத்துல இருந்து பேசுகேன். அரிசி மில்லு பகவதியப்பன்... பஞ்சாயத்து பிரசிடெண்டு பகவதியப்பன்... ஓய், இந்த ஊருல டெலிபோன் உள்ளவன் நான் ஒருத்தன்தான், வேற எவன் பேசுவான்?... ஆமா, அந்த நாய்க்காரன்தான். அப்படியே வச்சுக்கிடும்.

கேளும். நீரு குடுத்த சீட்டு எனக்க கையில இருக்கு. என்ன எழுதி வச்சிருக்கீரு? 'நாட்டு நாய், கறுப்பு, முப்பது ராத்தல்.' எது ஓய் நாட்டு நாய்? எஸ்டேட் துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போ எனக்க கையைப் பிடிச்சுத் தந்த அல்சேஷனாக்கும் அது. பேரு மேஜர். அதுக்க அப்பன் சண்டையில மெடல் வாங்கினவன். இங்கிலீஷ்ல 'சிட்'டுன்னாத்தான் உக்காரும். நான் சொல்லி இதுவரைக்கும் உக்காந்ததில்லே, அது வேற விஷயம். எழுபத்தஞ்சு ராத்தல் நிக்கும். அதைப் போயி முப்பதுன்னு எழுதியிருக்கீரே, கண்ணாடி போட்டுப் பாத்தீரா, கழத்தி வச்சிட்டுப் பாத்தீரா?

...நேர்ல பாத்தீரு. ஆமா... ஆமா, நான்தான் அனுப்பினேன்... அது... அது கெடக்கட்டும் ஓய்.

போச்சு. கண்ணாடி அலமாரி போச்சு... இல்லே, சத்தம் இங்கதான். மேஜர் அலமாரியைத் தள்ளிப் போட்டான். நான் எங்க நிக்கேன்னு நினைக்கீரு? மேசை மேல. வலது கெண்டைக்கால்ல ரெண்டு பல்லு எறங்கி ரெத்தமா ஒழுகுகு. கல்யாணத் தரகர் குதிங்காலைக் கடிக்கக் குடுத்துட்டு ஜன்னல் கம்பியில தொங்குகாரு. எனக்குச் சம்பந்தி ஆகப்போறவரு, குழித்துறை கிருஷ்ணமணி, நெல்லுப் பத்தாயத்து மேல ஏறி உக்காந்திருக்காரு. அவரு ஜரிகை வேட்டியில பாதி மேஜர் வாயில. மீதியை அவரு விடாமப் பிடிச்சிட்டிருக்காரு, விட்டா மானம் போயிரும்.

ஆமா... ஆமா, கல்யாண விஷயம்தான். மக சண்முகவடிவுக்கு இன்னைக்குக் கல்யாண ஓலை எழுதுகதா இருந்து... மாப்பிள்ளையா? வைகுண்டராஜன்னு பேரு, தாலூக்கா ஆபீஸ் உத்தியோகம். லீவு கிடைக்கல்லேன்னு வரல்லே. போட்டோ வந்து. மேசை மேல எனக்க காலுக்க அடியில கெடக்கு.

...என்ன செய்யுகா? இப்ப பத்தரை மணிக்கு ஒரு மாதிரி வந்து. எழும்பினதும் ஆளு தெரியாம எல்லாரையும் கடிக்கான்... ஒரு மாதிரின்னா? அதுதான் ஓய், அது... உமக்குத் தெரியாதா, மருந்து எழுதினது நீருதானே... சத்தமாச் சொல்ல முடியாது, ஆளு இருக்கு. 'வ'வுல தொடங்கும்... வயித்துப்போக்கு இல்லே ஓய்.

சரி, வாயைப் பொத்திட்டுச் சொல்லுகேன், கேளும். வாசல்ல எனக்க மில்லு ஆளுக உலக்கையும் கம்புமா நிக்கானுவ. பேநாய், வெறி பிடிச்சிட்டு, அடிச்சுக் கொல்லணும்ங்கான். நான் மறுத்து ஒண்ணும் சொல்லல்லே... ஏனா? வெறி பிடிச்ச நாய்னா அதுக்கொரு கம்பீரம் உண்டு ஓய். நாய்க்கு வெறி பிடிச்சு, முதலாளி ரெட்டைக்குழல் தோக்கை எடுத்தாரு, சுட்டாரு, தீந்துது. மத்ததைச் சொன்னா தீருமா? 'பகவதியப்பன் வீட்டு நாய்க்கு வலிப்பு'ன்னு ஒருத்தன் பஸ்ஸுல சொன்னா, 'நாய்க்கு'ங்கற வார்த்தை பார்வதிபுரம் தாண்டதுக்கு முன்னே உருண்டு கீழ விழுந்திரும். மீதி மட்டும் குழித்துறை போய்ச் சேரும். கட்டிக் குடுக்க ஒரு பிள்ளை இருக்க வீடு இது.

அதனால, நீரு ஒரு சர்ட்டிபிகேட்டு எழுதும். இந்த நாய்க்கு வெறின்னு. தோக்கு பக்கத்துலயே இருக்கு, நான் இப்பமே சுடுகேன்... முடியாதா?... நேர்ல பாக்காம எழுத முடியாதா? மருந்துக்கும் நேர்ல, சாவுக்கும் நேர்ல. ஓய், துரை எழுதி வச்ச பழைய சீட்டைக் காட்டி மூணு வருசம் மருந்துக்கடையில மாத்திரை வாங்கினேன், ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கல்லே. நீரு மாத்தலாகி வந்ததும்தான், மூணு மாசத்துக்கு ஒருக்க நாயைக் கொண்டா, தூக்கிப் பாக்கணும், கண்ணைப் பாக்கணும், நாக்கைப் பாக்கணும், பாத்தாத்தான் மறு சீட்டுன்னு. எனக்க மகளுக்கு மாப்பிள்ளையையே நான் இம்புட்டுப் பாக்கல்லே ஓய். திருவனந்தபுரத்துல மந்திரி வரைக்கும் எனக்குப் பழக்கம். ஒரு தந்தி அடிச்சா நாளைக்கே நீரு கொச்சியில யானைக்கு எனிமா குடுத்துட்டு நிப்பீரு.

...என்னது?... வெறின்னு எழுதினா?... கடிபட்டவனுக்கெல்லாம்... தொப்புளைச் சுத்தியா?... பதினாலா? மொத்தமா பதினாலா, ஆளுக்கா?... எனக்கும் உண்டுமா?... ஊசி எம்புட்டு நீளம்?...

டாக்டர் சார், நாம கொஞ்சம் நிதானமாப் பேசுவோம். நீங்க படிச்சவங்க.

ஏட்டி எக்ஸ்சேஞ்சுப் பிள்ளா, நடுவுல வராதே. மூணு நிமிசம் ஆனா நீட்டு. முப்பது ஆனாலும் நீட்டு.

பொறுங்க. மேஜர் நின்னுட்டான். ஒரே இடத்துல விறைச்சு நிக்கான்... விழுந்துட்டான். பக்கவாட்டுல கெடந்துக்கிட்டு நாலு காலும் ஓடுகு டாக்டர் சார். பல்லு கிட்டிச்சு, நுரையோட ரெத்தம் வருகு. தலையைத் தரையில போட்டு அடிக்கான், உங்களுக்குக் கேக்கா?... ஆமா... ஆமா, அதுதான்... அதுதான்ங்கேன்... வலிப்பு... லைன் சரியில்லியா? வலிப்பு டாக்டர் சார். வ-லி-ப்பு.

...போச்சு. வாசல்ல நிக்க உலக்கை அத்தனைக்கும் கேட்டுட்டு. பத்தாயத்து மேல இருந்து சம்பந்தி ஒரு மாதிரி பாக்காரு.

என்ன செய்ய? கையில இரும்புச் சாவி குடுக்கட்டா?... கூடாது. வாய்க்கிட்ட கை கொண்டு போகக் கூடாது. தலைக்கு அடியில துணி, சுத்தி உள்ள சாமானை மாத்தணும், எத்தனை நிமிசம்னு பாக்கணும்... அட, இதையேதான் சம்பந்தியும் சொல்லுகாரு. நீங்க சொல்லதுக்கு முன்னேயே சொல்லிட்டாரு. கையில கடிகாரத்தையும் பிடிச்சிட்டாரு. நல்ல விவரமுள்ள மனுசன்.

ஏட்டி சண்முகவடிவு, நீ எதுக்கு வெளியில வந்தே? உள்ளே போ. அதுக்கிட்ட உக்காராதே, பட்டுச்சேலை... சேலையையா மடிச்சு அதுக்க தலைக்கு வைக்கே?... லே, யாராவது எறங்கி அவளைப் பிடிங்கலே... ஒருத்தனும் எறங்க மாட்டான் டாக்டர் சார். நானும் எறங்கல்லே, டெலிபோனை யாரு பிடிப்பா?

யாருலே அது? அடுக்களை வழியா வந்திட்டான். லே, உலக்கையைக் கீழ போடு. நாய் சாகுகு, அதுக்க மேல என்னத்தை அடிக்கப் போறே? லே, பிள்ளை குனிஞ்சிருக்கா. அவ மண்டைக்கு நேரா ஓங்குகியே. போடுங்கேன்லே. போடல்லேன்னா...

...

ஹலோ... ஹலோ... இருக்கீங்களா?... ஆமா, தோக்குதான். நான்தான் சுட்டேன்... இல்லே, யாரும் சாகல்லே. கூரையைச் சுட்டேன். உலக்கையைப் போட்டுட்டு ஓடிட்டான். நாலு ஓடு விழுந்து, ஒண்ணு தரகர் மண்டையில. அவரு இன்னைக்கு நல்ல நேரம் பாக்காம வீட்டுல இருந்து எறங்கினவரு... நாயா? துடிப்பு நின்னுட்டு. மூச்சு வாங்குகான். பிள்ளை கையில ரெத்தம்... அது நாய் ரெத்தம்தான், அவளுக்கு ஒண்ணும் இல்லே. அவ என்னைப் பாக்க பார்வைதான் சரியில்லே.

...உண்மையைச் சொல்லணுமா? இப்பமா?... சொல்லாம மருந்து அளவு சொல்ல முடியாது. சரி... சரி. நீங்க பாத்தது மேஜர் இல்லே... ஆமா. நாட்டு நாய்தான். நீங்க எழுதினது சரிதான், முப்பது ராத்தலும் சரிதான். மில்லு காவக்காரன் இசக்கிக்க நாய் அது, கருப்பன், உங்ககிட்ட கொண்டு வந்தவனும் இசக்கிதான்... ஏன் அனுப்பினேன்னா, போன தடவை ஆள் விட்டுக் கேட்டப்போ வரிசையில நிக்கணும்னு சொன்னீங்க. எனக்க வயலைக் குத்தகைக்கு உழுகவன் எருமை முன்னால, எனக்க நாய் பின்னாலயா? அதுபோக, நாலு பேரு மத்தியில அது விழுந்து துடிச்சா?... ஆமா, 'கடைசியா எப்ப வலிப்பு வந்து'ன்னு கேட்டா 'வந்ததே இல்லே'ன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்.

...ஆமா... நோயே இல்லாத நாய்னு நினைச்சு, கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தப் பன்னிரண்டு நாளைக்கு அரை அரையா எழுதினீங்க. நியாயம்தான். நான் சொன்ன பொய்க்கு நீங்க சரியாத்தான் வைத்தியம் பாத்திருக்கீங்க.

லே இசக்கி, தூணுக்குப் பின்னால ஒளியாதே. கல்யாண வேலையில பிள்ளைக்கு ஒழியாதுன்னு உனக்கிட்ட விட்டேனே, அந்த அரை மாத்திரையாவது மேஜருக்கு ஒழுங்காக் குடுத்தியா?... என்னது?... டாக்டர் சார், இவன் சொல்லுகதைக் கேளுங்க. நீங்க கருப்பன் தலையைத் தொட்டு 'இந்த நாய்க்குக் குடு'ன்னீங்களாம். அதனால கருப்பனுக்கே குடுத்துட்டானாம். பன்னிரண்டு நாளு. மேஜருக்கு ஒரு துண்டு கெடையாது. போன வாரம் மில்லுல சாக்கு சாக்கா நெல்லு களவு போச்சு, காவல் நாய் ஏன்லே குரைக்கல்லேன்னு இசக்கி கன்னத்துல நாலு வச்சேன். அது என்ன செய்யும், மாத்திரையைத் தின்னுட்டு ஒறங்கிக் கெடந்திருக்கு.

...மிச்சமா? நேத்தோட தீந்துட்டாம்... ஒரு மணி பஸ்ஸுக்கு நீங்களே வாறீங்களா? புண்ணியமாப் போகும். ஆனா மணி இப்ப பதினொண்ணு... ஒண்ணுக்க மேல ஒண்ணா வந்தா நெஞ்சு நின்னிருமா?... அதுக்குள்ள ஒரு மாத்திரையாவது உள்ள போகணும். நான் எங்க போவேன் டாக்டர் சார்? உங்க சீட்டு இல்லாம கடைக்காரன் தரமாட்டான். நீங்கதான் கடை கடையாச் சொல்லி வச்சிருக்கீங்களே... ஏட்டி சண்முகவடிவு, அழாதே. நான் என்ன வேணும்னா செய்தேன்.

பொறுங்க. சம்பந்தி பத்தாயத்துல இருந்து எறங்குகாரு. பாதி வேட்டியோட எறங்குகாரு. தோல் பையில இருந்து என்னமோ எடுக்காரு... குப்பி. கறுத்த குப்பி. டாக்டர் சார், வெள்ளை மாத்திரை, மேஜர் திங்கற அதே மாத்திரை... ஆமா, மேல உள்ள எழுத்தும் அதுதான்... எழுபத்தஞ்சு ராத்தலுக்கு ரெண்டு. தலை தூக்கித் தண்ணி நக்கினதுக்கப்புறம்... நக்குகான். நக்குகான். பிள்ளா, மட்டி வாழைப்பழத்துல வச்சுக் குடு, துரை அப்படித்தான் குடுப்பாரு... முழுங்கிட்டான் டாக்டர் சார். அவ கையை நக்குகான். என்னைப் பாத்து மட்டும் உறுமுகான்.

...

ஓய் கிருஷ்ணமணி. ஒரு நிமிசம். இது யாருக்க மாத்திரை?... வரும் வழியில நாகர்கோவில்ல வாங்கினதா? உமக்கு இல்லேன்னா யாருக்கு? இங்க தாரும் குப்பியை. பேரு ஒட்டியிருக்கே... வை-குண்ட-ராஜன்.

டாக்டர் சார், நான் இவ்வளவு நேரமா யாரு போட்டோவை மிதிச்சிட்டு நிக்கேன்னு தெரியுமா?

இதை மறைச்சு வச்சிட்டா ஓய், பெண்ணு கேட்டு வந்தீரு? லீவு கிடைக்கல்லேன்னா சொன்னீரு? தோக்குல இன்னொரு குழல் பாக்கி இருக்கு தெரியுமா... சத்தம் போடாதீங்க டாக்டர் சார், சும்மா காட்டுகேன்... நான் மட்டும் என்ன செய்தேன்னு கேக்காரு இவரு. நாய்க்கு மாத்து நாய் அனுப்பினவனுக்கு வாயைப் பாருங்காரு. ஓய், நான் மறைச்சது நாயை. நீரு மறைச்சது ஆளை... ஏட்டி, தோக்கை விடு. விடுங்கேன். கையைக் கடிக்காளே... கடிச்சிட்டா டாக்டர் சார், இதுக்கும் ஊசி உண்டுமா?

...பிள்ளா, நீ என்ன சொல்லுகே?... டாக்டர் சார், மக சொல்லுகா, 'மூணு வருசமா மேஜருக்கு மாத்திரை குடுத்தவ நான், வலிப்பைக் கண்டு நான் பயப்படல்லே. ஆனா போட்டோவுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்'ங்கா. ஆளு வரணுமாம். வந்து, அவர் வாயாலயே சொல்லணுமாம். அப்புறம் யோசிப்பாளாம்.

கேட்டீரா ஓய்? ஓலையைச் சுருட்டிப் பையில வையும். நேர்ல பாக்காம ஒண்ணும் எழுத முடியாது. இந்த வீட்டுல என்னைக்கும் உள்ள முறையாக்கும் அது.

...ஏன் சிரிக்கீங்க டாக்டர் சார்?... சரி, சரி. ஒரு மணி பஸ்ஸுக்கு வாங்க. ரெண்டு நாயும் நிக்கும், மில்லு தராசு இருக்கு, எடை போட்டிரலாம்... கருப்பனுக்கும் பாத்துத்தான் நிறுத்தணுமா? பாருங்க, அவனுக்கும் ஒரு சீட்டு... கடிச்சதுனால மேஜரைப் பத்து நாளு கட்டிப்போட்டுப் பாக்கணும். சரி. அதுவரைக்கும் ஊசி போடணுமா வேண்டாமான்னு காயத்தைப் பாத்துட்டுச் சொல்லுவீங்க. சரி, சரி. ஒரே ஒரு வேண்டுதல். புதுச் சீட்டுல அந்த 'நாட்டு நாயை' வெட்டிட்டு 'அல்சேஷன்'னு கொஞ்சம் பெரிசா எழுதிருங்க...

...காதா? மேஜர் காது எப்படி இருக்குன்னா?... மடங்கித்தான் இருக்கு. ரெண்டும்தான். துரை தந்த அன்னைக்கே அப்படித்தான்... ஏன்?... அல்சேஷன்னா நிமிர்ந்து நிக்கணுமா?... வாலு? வாலு சுருண்டிருக்கு... துரை பங்களாவுல வேற நாயா? வாசல்ல ஒரு ஊரு நாய் கெடக்கும்... ஆமா, மேஜர் மாதிரியே கறுப்புதான், வாலும் சுருண்டுதான்...

ஏட்டி எக்ஸ்சேஞ்சுப் பிள்ளா, கேட்டுட்டுத்தானே இருக்கே. லைனை வெட்டு. வெட்டுங்கேன்