மூட்டைக்குள் இருந்தது யார்

கலைக்காக உடலை வருத்திக்கொள்ளாதவன் கலைஞனே அல்ல. நான் சாக்கு மூட்டைக்குள் கிடந்தவன், ஐயா. மடியில் ஒரு பொட்டலம் முறுக்கும் இருந்தது, அது வேறு விஷயம்.

சிரிக்கச் சிரிக்க ஆளைக் கடத்துகிற படம் ஒன்று நம் ஊர்ப் பக்கம் எடுத்தார்களே, அதில் தொழிலதிபரை மூட்டையாகக் கட்டிக் குட்டியானை வண்டியில் போட்டுக் கொண்டுபோவார்கள். முகம் தெரிகிற இடத்தில் பெரிய நடிகர். மூட்டையில் நான். வண்டியும் என்னுடையது. படம் வருவதற்கு முந்தின வாரமே விளாங்குடி முக்கில் பிளெக்ஸ் வைத்தேன். என் முகம் படத்தில் வராததால் பிளெக்ஸில் மூன்று தடவை போடச் சொன்னேன். பெண் தர யோசித்துக்கொண்டிருந்த காளை மாமா அதைப் பார்த்துத்தான் தன் மகள் பாண்டிமீனாவை எனக்குப் பேசி முடித்தார்.

முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினார்கள். எந்தப் படம் வந்தாலும் அங்கே நின்று கருத்துச் சொல்கிற ஜவுளிக்கடை விஜய்ஆனந்த், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“காமெடி சூப்பர், கடத்தல் சூப்பர். ஆனா அந்த மூட்டைக்குள்ள ஆளே இல்லங்க. வைக்கோலு. வண்டி பள்ளத்துல எறங்குது, மூட்டை பந்து மாதிரி எந்திரிக்கிது.”

சாயங்காலத்துக்குள் அது எல்லார் போனிலும் ஓடியது. காளை மாமா கூப்பிட்டார்.

“என்ன மாப்ள, வைக்கோலுங்கிறாய்ங்க? வைக்கோலுக்கா எம்பிள்ளையக் குடுக்கப்போறேன்?”

எனக்குக் கோபமே வரவில்லை. விஜய்ஆனந்த் மறுபடி மைக் முன்னால் நின்று, உள்ளே ஆள் இருந்தது என்று சொன்னால் போதும். அதற்கு முதலில் மூட்டைக்குள் கிடப்பது எப்படி என்று அவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

அடுத்த வெள்ளிக்கிழமை, “அண்ணே, ஒங்க கருத்த மட்டும் தனியா எடுக்கணும்” என்றேன். தலையைச் சீவிக்கொண்டே வண்டியில் ஏறினார். கேமரா எந்தப் பக்கம் என்று கேட்டார். வெங்காய குடோனில் சாக்கை மாட்டுகிறவரை, புது மாதிரிப் பேட்டி என்றே நினைத்தார். மூச்சுவிட ஓட்டை போட்டிருந்தேன். நான் மிருகம் இல்லை.

பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“தம்பி, ஃபர்ஸ்ட் ஆஃப் விறுவிறுப்பு. செகண்ட் ஆஃப் ரொம்ப இழுக்குது. அவுத்து விடுப்பா.”

“உள்ள ஆள் இருந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே.”

“இல்லாததச் சொல்ல மாட்டேன்ப்பா. வாசல்ல எனக்குன்னு ஒரு பேர் இருக்கு.”

பசுமலை வரை இன்னொரு சுற்றுப் போனேன். பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் மூட்டை கனமாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. என்ன ஒரு அடக்கமான நடிப்பு என்று வண்டியை நிறுத்திக் கைதட்டினேன். பின்பக்கம் கட்டிவைத்த போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதை, நான் நடித்த காட்சி என்று காளை மாமாவுக்கு அனுப்பினேன்.

“அடேங்கப்பா, இதுல்ல நடிப்பு மாப்ள” என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் மூட்டையை அவிழ்த்தேன். தோள்பட்டை முறிந்து மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவைத்தேன், நிழலாகப் பார்த்து.

மாமா அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். சாக்குக்கு வெளியே தெரிந்த செருப்பை விஜய்ஆனந்தின் சம்சாரம் அடையாளம் கண்டுவிட்டார். அப்படித்தான் நீங்கள் ஸ்டேஷனிலிருந்து என்னைத் தேடி வந்தீர்கள்.

எல்லாம் நான் செய்ததுதான், ஐயா. ஒரு கலைஞனின் உழைப்பை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் செய்தேன்.

ஷூட்டிங் அன்று நான் மூட்டைக்குள் குறட்டை விட்டதால், என்னை எழுப்பி இறக்கிவிட்டு வைக்கோல் அடைத்துத்தான் எடுத்தார்கள்.