ஜோன் தலோனில் இறங்கும் பிளேன்

மாக்கிரட்: உள்ளி உரிச்சுத் தாங்கோ எண்டு கேட்டு எவ்வளவு நேரமப்பா? விடிஞ்சதிலிருந்து அந்தப் பெட்டியோடை ஒரே கரகர...

பேரின்பநாதன்: பெட்டி இல்லை. றேடியோ ஸ்கானர்.

மாக்கிரட்: என்ன கோதாரியெண்டாலும் இருக்கட்டும். நிப்பாட்டுங்கோ.

பேரின்பநாதன்: பொறும்... இப்பதான் ஒண்டு பிடிபட்டது. டோர்வல் எயார்போட்டிலை பிளேன் இறக்கிறவன் கதைக்கிறதை வீட்டிலை இருந்தே கேக்கலாம், தெரியுமோ?

மாக்கிரட்: கேட்டு? நீங்கள் போய் இறக்கிவிடப் போறியளோ?

பேரின்பநாதன்: ஒரு பொழுதுபோக்குத்தானே. முந்தநாள் றோட்டிலை பனி அள்ளுறவங்கள், நேற்று றெயில்... ஒவ்வொரு நம்பராய்த் தேடவேணும். தூண்டில் போடுற மாதிரி.

மாக்கிரட்: மீனெண்டாலும் சட்டியிலை போடலாம்.

பேரின்பநாதன்: உஸ்... கதைக்காதையும்.

மாக்கிரட்: இது பொம்பிளைக் குரலெல்லோ?

பேரின்பநாதன்: ஏன், பொம்பிளையள் பிளேன் ஓட்டமாட்டினமோ?

மாக்கிரட்: நல்லாய் ஓட்டட்டும். "ஜோன் தலோனிலை ரண்டு பேர் நிக்கினம், ஆர் கிட்ட நிக்கிறியள்?" எண்டெல்லோ இவள் கேக்கிறாள். எந்தப் பிளேனப்பா ஜோன் தலோன் றோட்டிலை இறங்குது?

பேரின்பநாதன்: ...உமக்கு இவ்வளவு பிரெஞ்சு விளங்குமோ?

மாக்கிரட்: பத்து வருசம் கார்தெரியிலை பிரெஞ்சுக்காரற்றை குழந்தையளைப் பாத்துச் சோறு தீத்தினனான். உங்களை மாதிரி போன்ஜூர், மெர்சியோடை நிக்கேல்லை. இது டாக்சிக்காரரின்ரை லைன்.

பேரின்பநாதன்: தற்செயலாய் விழுந்தது.

மாக்கிரட்: தற்செயலாய் விழுந்த நம்பரை ஏன் கலண்டரிலை எழுதி வைச்சிருக்கிறியள்? பக்கத்திலை "செவ்வாய், வியாழன், ஞாயிறு" எண்டு வேறை. பிளேனுக்கு லீவு நாளும் இருக்கோ?

பேரின்பநாதன்: என்ன, விசாரணையோ? நான் ஸ்கானர் வாங்கினது குற்றம்... நீர் மட்டும் பத்து நிமிச நடை தூரத்துக்கு டாக்சி பிடிச்சுப் பூசைக்குப் போகலாம்.

மாக்கிரட்: கதையை மாத்தாதேங்கோ. அந்தக் குரல் ஆற்றை?

பேரின்பநாதன்: ...எங்கடை பிள்ளையின்ரை.

மாக்கிரட்: ம்.

பேரின்பநாதன்: என்னோடை வேலை செய்யிற சிவநேசம்தான் சொன்னவன், அவள் டாக்சிக் கொம்பனியிலை நிக்கிறாளெண்டு. எந்தக் கொம்பனியெண்டு அவனுக்குத் தெரியாது. ரண்டு மாதம் தேடினனான், மாக்கிரட்.

மாக்கிரட்: ரெலிபோன் எண்டு ஒரு சாமான் இருக்கெல்லோ?

பேரின்பநாதன்: எந்த வாயாலை கதைக்க? படிப்பை விட்டிட்டு அந்தப் பெடியனோடை போனாப்பிறகு, அஞ்சலீனா எண்ட பேரை இந்த வீட்டிலை ஆரும் எடுக்கக்கூடாது எண்டது இந்த வாய்தானே. ரண்டு வருசமாச்சு... அவள் என்ன சொல்லுறாளெண்டே எனக்கு விளங்கிறேல்லை. களைச்சிருக்கிறாளோ, சுகமாய் இருக்கிறாளோ எண்டு குரலிலை பாப்பன். அது காணும்.

மாக்கிரட்: என்ன மனிசனப்பா நீங்கள்... உங்களோடை மாரடிச்சே என்ரை சீவன் போகப்போகுது.

பேரின்பநாதன்: ஏசாதையும். நீரும் ஒருக்காலும் அவளின்ரை பேரை எடுக்கேல்லை. உமக்குக் கல்நெஞ்சு எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

மாக்கிரட்: பேர் எடுக்கேல்லைத்தான். டாக்சி எடுத்தனான். ஞாயிறுகளிலை போன் அடிச்சால் அவள்தான் தூக்குவாள். "போன்ஜூர், அட்ரஸ் என்ன?" எண்டு பிரெஞ்சிலை கேப்பாள். நானும் ஆரோ மாதிரிப் பிரெஞ்சிலையே சொல்லுவன். போன ஞாயிறு அவள் அட்ரஸ் கேக்கேல்லை. "படியெல்லாம் ஐஸாய் இருக்கும், பாத்து இறங்குங்கோ" எண்டவள்... தமிழிலை.