சயாம் பூனை முதுகில் கருப்பு

இப்படியா புடிக்கிறது? பின்னங்கால ரெண்டையும் சேத்துப் புடிங்க தம்பி... ஆங், அப்படித்தான். பயப்படாதீங்க, நகத்தக் காலையிலயே வெட்டிட்டேன். நீங்க கேட்ட சுத்தியல் எங்கயும் ஓடிப்போவாது, இதக் குளிப்பாட்டிட்டு எடுத்துத் தாரேன். ஒத்த ஆளா இதுக்குத் தண்ணி ஊத்த முடியாது. முன்னெல்லாம் ஜெயபாலன் வந்து புடிப்பான். அதான், உங்க வீட்டுக்காரன். நீங்க வாடகைக்கு வந்திருக்கிறது அவன் வீடுதான? அந்தப் பேரச் சொன்னாலே எனக்கு வாய் கசக்குது. பூனத் திருட்டுப் பய!

தண்ணி வெதவெதன்னு இருக்கா? அதான் பதம். பேசினுக்குள்ள அடியில பழைய துண்டு போட்டுருக்கேன். வழுக்குச்சுன்னா நம்ம மேல ஏறிரும். காதுல பஞ்சு. இதெல்லாம் டாக்டர் ஸ்கந்தராஜா சொல்லிக் குடுத்தது. சுங்கை சிப்புட்ல நான் லோரி ஓட்டுன ரப்பர் தோட்டத்துக்கு வருவாரு, யாழ்ப்பாணத்துக்காரரு. ஆஸ்திரேலியாவுக்குப் போறப்ப இதக் குட்டியா என் கையில குடுத்தாரு. கூடவே ஒரு பத்திரம். அதுல இந்தப் பூனையோட பாட்டன், பூட்டன், பாட்டியோட ஆத்தா, எல்லாரு பேரும் எழுதி முத்திரை குத்திருக்கு! எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை, அந்த நீல ஐசி கெடைக்க ஒம்பது வருசம் ஆச்சு தம்பி. பொறந்த பத்திரம் எங்கன்னு கேட்டான். எங்காத்தா லயத்துல பெத்துப் போட்டுட்டு மறுவாரமே பால் வெட்டப் போனவ, நான் எங்கேருந்து பத்திரம் கொண்டாரது? இது ராஜ வம்சம்லா! எங்கிட்ட வந்து கருவாடு திங்குது.

அந்த டியூப்புத் துண்ட எடுங்க. லோரி டயர் டியூப்புதான். குட்டை முடிப் பூனைக்குச் சீப்பெல்லாம் வேலைக்காவாது. இதால தலையிலேருந்து வாலுக்குத் தடவுனா உதிர்ற முடியெல்லாம் ஒட்டிக்கிட்டு வந்துரும்... பாத்தீங்களா?

எங்க விட்டேன்? ஆங், அந்தப் பய. போன வருசம் காலு முறிஞ்சு, சித்தியவான்ல மக நவமணி வீட்டுல மூணு மாசம் கெடந்தேன். பூனைய அவன்கிட்ட குடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா... இந்தா, முதுகப் பாருங்க. உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு! என் பூனைக்கு மூஞ்சி, காது, காலு, வாலு, இதுதான் கருப்பு. முதுகு பால் கலருலா. மாத்திட்டான்! நல்ல பூனைய வித்துப்புட்டு, வேற எதையோ என் தலையில கட்டிட்டான்னு தெரு பூரா சொன்னேன். மாரியம்மன் கோயில் பூசையன்னிக்கு, பந்தியில எழுந்து நின்னே சொன்னேன். அவன் பொண்டாட்டி வீரம்மா இலையில கைய வச்சபடி அழுவுது. அவன் சூடம் கொளுத்தி, அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணான். "அண்ணே, முடி மொளைக்க மொளைக்கக் கருப்பாத்தாண்ணே வந்துச்சு"ங்கிறான். யாருகிட்ட கத விடுற! மறுமாசமே வீட்ட வாடகைக்கு விட்டுட்டு, குடும்பத்தோட செமோருக்குப் போயிட்டான். போவட்டும்!

என்ன? தொடையிலயும் கருப்பா? அது... அழுக்கு. சோப்பு போட்டுத் தேய்ங்க.

இல்ல, விடுங்க, தேய்க்காதீங்க, பாவம். போவாது. இந்த வாரத்துல இது நாலாவது குளி. நானும் தேய்ச்சுப் பாத்துட்டேன்.

தொடையில சொறி படை வந்துச்சு தம்பி, ரெண்டு மூணு மாசத்துக்கு முன்ன. மருந்து போடணும்னு நாந்தான் சவரக் கத்தியால அந்த எடத்தச் செரைச்சேன். திரும்ப மொளைச்சத பாருங்க, கரிச்சட்டியாட்டம்! மாட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுனேன். அந்தாளு சிரிக்கிறான். சயாம் பூனைக்கு முடியச் செரைச்சா, அந்த எடம் குளுந்து போயி, மறுபடி கருப்பாத்தான் மொளைக்குமாம். அதோட சாதிக் கொணமாம்.

முதுகுலயா? முதுகுல யாரு செரைச்சான்னா... என்ன தம்பி, போலீசு மாதிரி கேக்குறீங்க? காலு முறியிறதுக்கு ரெண்டு நாள் முன்ன பலாப்பழம் வெட்டுனேன். இது போயி அந்தப் பால்ல பொரண்டுச்சு. எண்ணெ தடவி எடுத்துருக்கலாம்தான். அவசரத்துக்கு... நாந்தான் செரைச்சேன். மறந்துட்டேன்லா! காலு முறிஞ்சு கெடக்கிறவனுக்குப் பூனை முதுகா ஞாபகம் இருக்கும்? அவன் சொன்னான்தான், முடி மொளைக்க மொளைக்கன்னு. சொல்றதச் சத்தமா சொல்லணும்! நூறு பேரு பந்தியில ரசம் உறிஞ்சுற சத்தத்துல எனக்கு எப்படிக் கேக்கும்?

ஞாயித்துக்கெழம அவன் மகளுக்குக் கல்யாணம். உங்களுக்குப் பத்திரிக வந்துருச்சு, தபால்காரன் கையில பாத்தேன். எனக்கு வரல. அந்தப் புள்ளைய ஆறு வருசம் என் சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயி விட்டவன் நான். அதுக்காகக் கூப்புடாம போவேனா? மானம்னு ஒண்ணு இருக்குலா. நீங்க போறப்ப ஒரு வார்த்த சொல்லுங்க... சன்னாசி அண்ணே உன்ன மன்னிச்சிட்டாருன்னு சொல்லுங்க.

ஏன் சிரிக்கிறீங்க? சரி, அது வேணாம். பூனை அவனத் தேடுதுன்னு சொல்லுங்க. தெனம் உங்க வாசல்ல வந்து படுக்குதுல்ல, அது என்ன உங்க மூஞ்சியப் பாக்கவா வருது? தேடுது, சோறு எறங்க மாட்டேங்குது, ராவுல தூக்கம் இல்லன்னு சொல்லுங்க.

பூனைக்குன்னு சொல்லுங்க தம்பி. எனக்குன்னு சொல்லிப்புடாதீங்க.