பல்லில் பிடித்த கயிறு

உங்கள் ஸ்டேஷன் தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை. டம்ளரை முக்கும்போது எல்லோருடைய விரலும் உள்ளே போய் வருகிறது. அதனால்தான் கொடுத்த தண்ணீரை நான் குடிக்கவில்லை, கோபம் ஒன்றுமில்லை. உங்கள் ஏட்டையா எழுதுகிற வேகத்துக்கு அடுத்த பொங்கல் வந்துவிடும் போலிருக்கிறது. ஆகவே நானே எழுதித் தருகிறேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்தவள், என் கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கும்.

என் பெயர் சாவித்ரி. விளாங்குடியில் சொந்த வீடு. கணவர் விஸ்வேஸ்வரன் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விஷயத்தில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருக்கு எந்த விஷயத்திலும் சம்பந்தம் இருந்ததில்லை.

இறந்துபோன ஹம்சவேணியும் நானும் 1997இல் இருந்து ஆறு வருஷம் சேர்ந்து கயிற்று நகை செய்தோம். பருத்திக் கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, முடிச்சுப் போட்டே மாலை, வளையல், தோடு. பொன்னும் கிடையாது, பித்தளையும் கிடையாது. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில்கூட முடிச்சுத்தான். யோசனை என்னுடையது. நிறம் என்னுடையது. தாளில் வரைந்து கொடுப்பவள் நான். அவள் திருமலை நாயக்கர் மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். சின்ன வயதிலிருந்து சுங்குடிச் சேலைக்குப் புள்ளி புள்ளியாக முடிச்சுக் கட்டிய விரல். கட்டு என்றால் கட்டுவாள். அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் முடிச்சுப் போடுவாள். நுனி பிரிந்தால் எச்சில் தொட்டு முறுக்குவாள். யாரோ ஒரு காலேஜ் லெக்சரர் கழுத்தில் போடப்போகிற நகை. "வாயில வைக்காதே ஹம்சா" என்று தினமும் சொல்வேன். "சரிக்கா" என்பாள், சிரிப்பாள், ஐந்து நிமிஷத்தில் கயிறு மறுபடி வாயில் இருக்கும். கிளிப் வாங்கிக் கொடுத்தேன். "இதுல இழுப்பு தெரிய மாட்டேங்குதுக்கா" என்று ஓரமாக வைத்துவிட்டாள். முடிந்த மாலை ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டது நான். ஆறு வருஷம் இன்னொருத்தியின் எச்சிலைக் கழுவியிருக்கிறேன். கலை என்று அதை யாரும் சொல்லவில்லை.

போன மார்ச்சில் சென்னையிலிருந்து தீப்தி என்று ஒரு பெண் வந்தாள். அங்கே கண்காட்சி நடத்துகிறவளாம். முப்பது வயதுகூட இருக்காது, அதற்குள் எல்லாம் தெரிந்த முகம். எங்கள் நகைக்குத் தனி அறை ஒதுக்கி, செய்தவர் பெயரைச் சுவரில் எழுதப் போவதாகச் சொன்னாள். "உங்க ரெண்டு பேர்ல யார் பண்றது?" என்று கேட்டாள். "நாங்கதான்" என்றேன். ஆளுக்கு ஒரு முழம் கயிற்றைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னாள். இருபத்தெட்டு வருஷம் பரீட்சை வைத்தவளுக்கு அவள் பரீட்சை வைத்தாள்.

ஹம்சா கடித்தாள், இழுத்தாள், முத்து மாதிரி முடிச்சு விழுந்தது. என்னுடையது என் மடியிலேயே அவிழ்ந்தது. "அப்ப ஹம்சவேணின்னு ஒரு பேர் போதும்" என்று தீப்தி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். ஹம்சா சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா பேரையும் போடுங்க மேடம். பாவம், கலரெல்லாம் அவுகதான் சொல்லுவாக."

பாவமாம். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கே சிபாரிசு செய்கிறாள்.

பேரையூரில் எங்களுக்குக் கொஞ்சம் பருத்திக் காடு இருக்கிறது. குத்தகைக்காரர் முத்துக்கருப்பன் செடிக்கு அடிக்கிற மருந்தில் ஒரு பாட்டில் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் கரையான் என்றேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, சிவப்புக் கயிறு ஒரு கட்டை அதில் ஊறவைத்துக் காயவைத்தேன். கையில் ஒரு சொட்டுப் படவில்லை. எந்த வேலையையும் சுத்தமாகச் செய்து எனக்குப் பழக்கம்.

மறுநாள் ஹம்சா வந்து கயிற்றை எடுத்தாள். "என்னக்கா, ஒரு மாதிரி வாடை அடிக்குது?" என்றாள். புதுச் சாயம் என்றேன். நம்பினாள். நான் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் அவள் காதில் வாங்கினாள்.

மத்தியானம் வரை கட்டினாள். அவள் கட்டியதிலேயே அதுதான் அழகு என்று ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடம் இல்லை, சிவப்பு என்னுடையதல்லவா. பிறகு வேர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தாள். நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் கையை விடவில்லை. "மாலை முடியலையேக்கா, கோவிச்சுக்காதீக" என்றாள். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

பூச்சி மருந்து என்று டாக்டர் சொன்னார். தானே குடித்துவிட்டாள் என்று எல்லோருமாக முடிவு கட்டினீர்கள். வீட்டில் ஏதாவது தகராறா என்று உங்கள் ஆட்கள் என்னைக் கேட்டபோது, அவள் கணவர் நாகசுப்பிரமணியன் கொஞ்சம் முன்கோபக்காரர் என்று மட்டும் சொன்னேன். அதை வைத்து அந்த மனிதரைப் பதினைந்து நாள் ஸ்டேஷனுக்கு அலையவிட்டது உங்கள் அவசரம். அதற்கு நான் பொறுப்பில்லை.

மாலையில் ஒரு சாண் பாக்கி இருந்தது. முடித்துவிட்டால் என் பெயரில் வைக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். அந்த முடிச்சுக்கு ஒரு நுனியை விட்டு விட்டு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிளிப்பால் நடக்கவில்லை. கை இரண்டும் வேறு வேலையில் இருக்க, மிச்சம் இருப்பது வாய்தான். இவ்வளவு அசிங்கமான முடிச்சு என்று தெரிந்திருந்தால் நான் வரைந்தே கொடுத்திருக்க மாட்டேன்.

அவளுக்குக் காரியம் செய்து முடித்த மறுநாள் நாகசுப்பிரமணியன் வந்தார். "அவ கடைசியாக் கட்டுனதைக் குடுங்கக்கா, படத்துக்குப் போடுறேன்" என்றார். நான் எழுந்திருப்பதற்குள் மேஜைமேல் இருந்ததை எடுத்துக் கண்ணில் ஒற்றப் போனார். "முகத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க, கீழ வைங்க. சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவுங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் போய்க் கழுவினார். கழுவிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். மாலையைக் கேட்கவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

ஆக, ஒரு உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் இந்தக் காகிதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொலைகாரி என்றால் பேசாமல் இருந்திருப்பாள்.

அவரைத் தடுத்த நீங்கள் அந்தம்மாவை ஏன் தடுக்கவில்லை என்று கேட்டீர்கள். உங்களிடமிருந்து நல்ல கேள்வி ஒன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆறு வருஷம் தினமும் தடுத்தேன், சார். என் பேச்சுக்கு மரியாதை கொடுத்திருந்தால் அவள் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். அவளைக் கொன்றது அவளுடைய பழக்கம்.

அன்றைக்கும் சொன்னீர்களா என்று இப்போது கேட்கிறீர்கள். இல்லை. அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாள்.