மூன்று விரல் உருண்டை

விடியற்காலை நாலரை மணி. சூர் நகரத்திலிருந்து ராஸ் அல் ஹத்துக்குப் போகும் கடலோரச் சாலை. முன்னால் வண்டி கிடையாது. பின்னால் வண்டி கிடையாது. சாலை நடுவில் படுத்துக்கொள்ளும் ஒட்டகம்கூட அன்றைக்கு வரவில்லை...

ஹுமைத், அந்த மீனை என் தட்டில் வைக்காதே. கரி அடுப்பிலேயே கிடக்கட்டும். எனக்குப் பேரீச்சம்பழம் போதும். ஏன் என்றுதானே எல்லோரும் கேட்டீர்கள்? அதைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சாலையில் ஒரே ஒரு பிக்அப். ஓட்டியவன் ஹாரிப். பக்கத்தில் என் சிநேகிதன் கல்ஃபான். ஹாரிப் அவனுக்குச் சித்தி மகன். பின்னால் ஐஸ் பெட்டி, தூண்டில் கழி, புதிதாக வாங்கிய ஒரு காமிரா. பாதி வழியில் கல்ஃபான் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"என்னடா நாத்தம் இது? வண்டிக்குள்ள எது செத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. நேத்துதான் கழுவினேன்."

கழுவித்தான் இருந்தது. முதலில் சோப்பு வாசனை வரும். அதற்கு அடியிலிருந்து மெதுவாக மற்றது வரும்... இறால் டப்பாவை மூடி ஒரு வாரம் வெயிலில் விட்டுத் திறந்தால் வருமே, கொஞ்சம் இனிப்பாக... அது. தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். எச்சில் விழுங்கினாலும் இறங்காது.

"மாமா, போன ரமலான்ல ஒரு ஆமை உங்கள மஸ்கட் வரைக்கும் சுமந்துட்டுப் போச்சுன்னீங்களே, அந்த மாதிரியா இதுவும்?"

"மஸ்கட் வரைக்கும் இல்ல ஹுமைத். குரியாத்துலயே இறக்கி விட்டுடுச்சு. இருக்கறத இருக்கறபடி சொல்லணும்."

கேளுங்கள். அதற்கு ஏழு மாதம் முன்னால், ஹாரிபின் படகிலிருந்து அவன் அண்ணன் முஸல்லம் கடலில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை. 'இருட்டும்வரை சுற்றிச் சுற்றித் தேடினேன்' என்றான் ஹாரிப். ஊர் தலையாட்டியது. அப்பா ஸஹ்ரான் மட்டும் தலையாட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஹாரிப் கை வைக்கும் சோற்றுத் தாம்பாளத்தில் அவர் கை வைப்பதில்லை. அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஒரு மனிதனைக் கொல்ல அது போதாதா?

அதோடு மீனும் நின்றுவிட்டது. படகை மெதுவாக ஓட விட்டு, பின்னால் போலி மீனைத் தூண்டிலில் இழுத்துக்கொண்டு போவதுதானே வஞ்சிரத்துக்கு வழி. பக்கத்துப் படகுக்காரன் கை வலிக்க வலிக்கத் தூக்குகிறான். ஹாரிபுக்கு ஏழு மாதமாக ஒரு கடிகூட இல்லை. 'அண்ணனை விட்டுட்டு வந்தவனுக்குக் கடல் எதைக் குடுக்கும்' என்று டீக்கடையில் காது படவே பேசினார்கள்.

அதனால்தான் காமிரா. கத்தரிக்காய் பருமன், பின்னால் வால் வேறு. அதைத் தனிக் கயிற்றில் கட்டி, போலி மீனுக்குக் கொஞ்சம் முன்னால், பின்பக்கம் பார்த்தபடி இழுக்க வேண்டும். பின்னால் என்ன வருகிறது, ஏன் கடிக்காமல் போகிறது, எல்லாம் பதிவாகும். கரைக்கு வந்துதான் பார்க்க முடியும்.

"ஒரே ஒரு நல்ல நாள் போதும்ண்ணே. மீனச் சமைச்சு அப்பாவக் கூப்பிடுவேன். என் சோத்துல அவரு ஒரு வாய் எடுக்கணும்" என்றான் ஹாரிப்.

கல்ஃபான் படகு ஓட்டினான். ஓட்டுகிறவன் பார்வை முன்னால்தான். பின்னால் ஹாரிப், தூண்டில் கழியோடு. சூரியன் எழும்பி இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆரம்பித்தது... ஒன்று. இரண்டு. ஐந்து. பதினொன்று. ஒவ்வொன்றும் கை நீளம். ஆனால் ஒன்றுகூடத் துள்ளவில்லை. ஈரத் துணியை இழுப்பதுபோல வந்தன. வாயைப் பிளந்தால் உள்ளே நாக்கின் மேல் ஒரு வெள்ளை உருண்டை. ஊறிய ரொட்டி மாதிரி. பிசுபிசுவென்று.

"போலி மீன் பிளாஸ்டிக்குதானே? இது என்னடா வாய்ல?"

"கணவாயா இருக்கும்ண்ணே."

பன்னிரண்டாவது கனமாக இருந்தது. கழி வில்லாக வளைந்தது. கல்ஃபான் இன்ஜினை நிறுத்திவிட்டு, அலை படகைக் குறுக்கே திருப்பிவிடாமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். உருளை சுற்றும் சத்தம் மட்டும்... க்ர்ர்... க்ர்ர்... நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டிங்.

திரும்பிப் பார்த்தான். ஹாரிப் பலகையில் உட்கார்ந்திருந்தான். உதடு சாம்பல் நிறம்.

"பெருசுண்ணே. அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. வீட்டுக்குப் போலாம்."

அன்று இரவு ஹாரிப் வீட்டில் விருந்து. பதினான்கு பேர். நானும் ஒருவன். முற்றத்தில் மீன் அரிந்தபோது அந்த வெள்ளை உருண்டைகளைப் பூனைக்குப் போட்டார்கள். தெருவிலேயே பேராசை பிடித்த பூனை அது. மோந்தது. முதுகு மயிர் எழும்பியது. பின்பக்கமாகவே நடந்து போய்ச் சுவர் ஏறி ஓடிவிட்டது. பூனைக்கு இருந்த புத்தி பதினான்கு பேருக்கு இல்லை.

ஸஹ்ரான் வந்தார். மீன் வாசனைக்கு வந்தாரோ, மகனுக்காக வந்தாரோ... வந்தார். தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். அவருக்கு இடப்பக்கம் ஹாரிப். வலப்பக்கம் ஒரு தலையணை, அதற்கப்பால் சுவர். நான் எதிரில். பெரியவர் சோற்றில் கை வைத்தார். ஒரு வாய் எடுத்தார். ஹாரிபின் கண்ணில் தண்ணீர். எல்லோரும் குனிந்து சாப்பிட்டோம்.

சாப்பிட்டோம் என்றால்... நான் மூன்று துண்டு. சரி, ஐந்து.

பெரியவருக்கு முன்னால் மட்டும் நல்ல துண்டாகச் சேர்ந்துகொண்டே இருந்தது. கொழுப்பு வயிற்றுத் துண்டு, முள் எடுத்தது. விருந்து வைக்கிறவன் அப்படித்தானே எடுத்து வைப்பான். "போதும்டா ஹாரிப், வயிறா சாக்கா?" என்று சிரித்தார். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

காப்பி வந்தது. பெரியவர், போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்துவிட்டு, "சரி, எப்படிப் புடிச்சே? அந்தப் படத்தப் போடு, பாப்போம்" என்றார்.

"சார்ஜ் இல்லப்பா. நாளைக்கு."

"காமிராக்கு எதுக்குடா சார்ஜ்? மெமரி கார்ட நான் அப்பவே எடுத்து டிவில சொருகிட்டேன்" என்றான் கல்ஃபான்.

படம் ஓடியது. நுரை. நீலம். போலி மீன் தலையாட்டிக்கொண்டு வருகிறது. அதற்குப் பின்னால் வஞ்சிரங்கள், வரிசையாக, கண் இமைக்காமல்... தொடர்ந்து வருகின்றன. கடிக்கவில்லை. "பாத்தியா, எத்தன கெடக்கு!" என்று யாரோ தொடையில் தட்டினான்.

வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது.

வெளுத்து, உப்பி, தோல் கையுறைபோல மணிக்கட்டில் சுருண்டு கிடந்தது. ஆள்காட்டி விரல் இல்லை. முஸல்லமின் வலது கையில் அந்த விரல் கிடையாது, சிறு வயதிலேயே சுறா இழுத்த கயிறு கொண்டுபோய்விட்டது. ஊருக்கே தெரியும். அந்தக் கை கீழே இறங்கித் தன் தொடையைக் கிள்ளியது. சதை வந்துவிட்டது, சோறு மாதிரி. மூன்று விரலால் உருட்டியது. நிதானமாக. மீனின் வாயில் ஊட்டியது. அது விழுங்குவதற்குள் கொக்கியைத் தாடையில் பக்குவமாக அழுத்தியது.

பதினொரு முறை.

அறையில் ஒருவன் கையை வாயில் வைத்தான். இன்னொருவன் தன் கையை முகர்ந்து பார்த்தான். பிக்அப்பில் வந்ததாகக் கல்ஃபான் சொன்ன அந்த நாற்றம்... என் விரல் இடுக்கில்.

பன்னிரண்டாவது முறை கொக்கியை முஸல்லம் தன் கன்னத்திலேயே மாட்டிக்கொண்டான்.

படகு நின்றதும் காமிரா கயிற்றில் தொங்கிச் சுழன்று மேலே பார்த்தது. படகின் அடி தெரிகிறது. வெளிச்சம். முஸல்லம் மேலே மேலே போகிறான், கை நீட்டினால் தொடும் தூரம். படகின் விளிம்பில் ஒரு முகம் குனிகிறது. ஹாரிப். பார்க்கிறான். அடையாளம் தெரிந்துதான் பார்க்கிறான்... முகம் போய்விட்டது. திரும்பி வந்தபோது கையில் கத்தி.

முஸல்லம் இறங்கிப் போனான். கோபம் இல்லை. அதே மூன்று விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டிக்கொண்டே போனான். சாப்பிடு, சாப்பிடு என்பதுபோல.

ஸஹ்ரான் மகன் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தடவ" என்றார்.

"அப்பா, அது அண்ணன் இல்லப்பா... அது செத்த..."

"ஒன் கையில கயிறு இருந்துச்சுல்ல? கத்திய எடுத்திருக்கே."

பிறகு அவர் தன் முன்னால் இருந்த மீன் குவியலைப் பார்த்தார். வலப்பக்கத்துக் குவியல். ஹாரிப் இருந்தது இடப்பக்கம். மெதுவாகக் கேட்டார்.

"கல்ஃபான்... எனக்கு வலப்பக்கம் யாருடா உக்காந்திருந்தது?"

தலையணை நனைந்திருந்தது. பாயும்.

அதற்கப்புறம் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டாம், நீங்கள் சாப்பிடுகிறீர்கள். பதினான்கு பேர். வாசல் ஒன்று. ஸஹ்ரான் மட்டும் வாந்தி எடுக்கவில்லை. மிச்சம் இருந்ததையெல்லாம் வழித்து, முள்ளோடு, ஒரு வெள்ளைத் துணியில் கட்டினார்.

விடிவதற்குள் ஹாரிப் படகை எடுத்துக்கொண்டு போனான். தூண்டில் எடுக்கவில்லை. கயிறு மட்டும். படகு மூன்றாம் நாள் தானாகக் கரை ஒதுங்கியது, கயிறு முழுதும் கடலுக்குள் தொங்கிக்கொண்டு. நுனியில் முடிச்சு. முடிச்சுக்குள் ஒன்றுமில்லை... வழவழப்பு மட்டும்.

இப்போதும் ஸஹ்ரான் தாம்பாளத்தில் உட்கார்ந்தால் வலப்பக்கம் இரண்டு பேருக்கு இடம் விடுகிறார்.

அவ்வளவுதான்.

...ஹுமைத். மீன் வைக்காதே என்று சொன்னேன் அல்லவா?

"நான் வைக்கல மாமா. நான் அடுப்புகிட்டயே நிக்கறேன்ல?"

"வெளக்க இப்படிக் காட்டு."

வயிற்றுத் துண்டு. முள் எடுத்தது. உருட்டி வைத்திருக்கிறது, ஓரத்தில் விரல் பதிந்து... ஒன்று, இரண்டு, மூன்று.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு."

"நான் தூரமாத்தானே மாமா இருக்கேன்..."

"ஒன்னச் சொல்லல, ஹுமைத்."